பட்டாளத்துக் கல்லறையில் அலர்மேல்

"ஏய்... யாரது? இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கே?"

அலர்மேல் திடுக்கிட்டுத் திரும்பினாள். இடிந்து கிடந்த மதில்மேல் ஓர் இளைஞன் நின்றுகொண்டிருந்தான். கையில் அளக்கிற டேப். முகமெல்லாம் கோபம். அந்தக் கோபத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத கண்கள்... மழை ஓய்ந்து தெளிந்த ஏரித் தண்ணீர் மாதிரி.

அவனையும் குற்றம் சொல்ல முடியாது. சித்தூரில், ஆள் நடமாட்டமில்லாத பழைய பட்டாளத்துக் கல்லறைத் தோட்டம். உச்சிவேளை. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையை உலர விட்டுக்கொண்டு, ஒரு சமாதியின் முன் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்தபடி வெள்ளை மாவு தூவுகிற பெண். பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம் வேறு.

"யாருக்குங்க செய்வினை வைக்கிறீங்க?" என்றான், திடீரென்று மரியாதையைக் கூட்டி. மந்திரக்காரியிடம் எதற்கு வம்பு என்று தோன்றியிருக்கும்.

"உங்களுக்குத்தான். பேர் சொல்லுங்கோ, முடிச்சுடறேன்."

"பரணி..." என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அலர்மேலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பயப்படாதீங்கோ. இது வெறும் அரிசி மாவு. எழுத்தெல்லாம் தேஞ்சு போயிருக்கு. மாவைத் தூவித் துடைச்சா பள்ளத்துல தங்கும், படிக்கலாம். நான் திருப்பதியில ஆராய்ச்சி பண்றேன். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்துக் கல்லறைகளைப் பத்தி."

"அப்ப எலுமிச்சம்பழம்?"

"பஸ்ல வந்தா எனக்கு வாந்தி வரும். மோந்து பார்த்துண்டே வருவேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். மதிலிலிருந்து குதித்து, செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டு வந்தான். அதை அவள் கவனித்தாள்... யாரும் எட்டிப் பார்க்காத இந்த இடத்தில் செருப்பைக் கழற்றுகிறவன்.

"நான் சர்வேயருங்க. நகரி பக்கம் நம்ம ஊரு. இதுக்குப் புது மதில் கட்டப் போறாங்க, அளக்க வந்தேன். ஒண்ணு சொல்லட்டா? மாவு போட்டா எறும்பு வரும். மழை வந்தா பாசி பிடிக்கும்."

"வேற வழி தெரிஞ்சா சொல்லுங்கோளேன்," என்றாள் வெடுக்கென்று.

அவன் தன் பைக்கை நோக்கிப் போனான். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, வெயிலைப் பிடித்து, கல்லின் மேல் சாய்வாக விட்டான். தேய்ந்த எழுத்துகளில் நிழல் விழுந்தது. ஒவ்வொன்றாக, வரிவரியாக, பெயர் எழுந்து வந்தது.

அலர்மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாள். "இருபத்திரண்டு வயசு... பாண்டு வாசிக்கறவன்... காலராவுல போயிருக்கான். கூட வாசிச்சவாள்லாம் சேர்ந்து வச்ச கல்லு."

"சண்டையில சாவலையா?"

"இங்க இருக்கறவா முக்கால்வாசிப் பேர் சண்டையில போகலை. காலரா, ஜுரம், வெயில். முன்னெல்லாம் பட்டாளம் நடந்து போற வழியில ஒருத்தன் செத்தா, ரோட்டோரமாப் புதைச்சுட்டுப் போயிண்டே இருப்பா. பத்தொன்பதாம் நூற்றாண்டுலதான் பட்டாளம் தங்கற ஊருக்கு ஊர் நிலம் ஒதுக்கி, மதில் கட்டி, இந்த மாதிரித் தோட்டம் வந்தது. அதிகாரி செத்தா குடும்பம் மண்டபமே கட்டும். சாதா சிப்பாய்க்கு யார் இருக்கா? பக்கத்துப் படுக்கைக்காரன்தான். நாளைக்குத் தானே இங்க வரலாம்னு தெரிஞ்சும், சிநேகிதன் பேரைக் கல்லுல வெட்ட வச்சிருக்கான் பாருங்கோ... எனக்கு அதை நினைச்சா சிலிர்க்கும்."

"எங்க அண்ணன் தரணி மிலிட்டரியில இருக்கான். லடாக்குல," என்றான் பரணி.

அவன் அவள் பக்கம் திரும்பினான். கல்லிலிருந்த வெளிச்சம் நழுவி அவள் கன்னத்தில் வந்து விழுந்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

"வெளிச்சம் என் மேல அடிக்கறது."

"தெரியுதுங்க," என்றான். கண்ணாடியை மட்டும் நகர்த்தவில்லை.

அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் கண்ணாடி பிடித்தான், அவள் படித்தாள். அவள் கொண்டுவந்த புளியோதரையை "துன்னா இப்படித் துன்னணும்" என்று புகழ்ந்தபடியே தீர்த்துக் கட்டினான். மூலையில், புங்க மரத்தடியில், பத்தொன்பது வயது மார்கரெட் என்ற சிப்பாய் மனைவியின் கல்லை ஒரு நாள் கண்டெடுத்தார்கள். கூடவே படுத்திருந்த குழந்தைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. அவன் புங்கம்பூவை அள்ளி அந்தக் கல்லின் மேல் வைத்தான். அவனை அப்போது பார்த்த பார்வையைத்தான் அலர்மேல் இரவெல்லாம் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது...

ஒளிக்க வேண்டியது அது மட்டுமா? அவள் அப்பா யதிராஜன் திருச்சானூர்த் தாயார் சந்நிதியில் பாசுரம் சேவிக்கிறவர். சுடுகாடு, கல்லறை என்றால் அந்த வீட்டில் பேச்சைக்கூட எடுக்க மாட்டார்கள். நூலகத்துக்குப் போகிறேன் என்றுதான் அவள் வீட்டில் சொல்லியிருந்தாள். திரும்புகிற வழியில் திருப்பதியில் சிநேகிதி பத்மினி வீட்டில் தலைமுழுகிவிட்டுத்தான் போவாள். விஷயம் தெரிந்தால் ஆராய்ச்சி அன்றோடு முடிந்தது. சித்தூரும் முடிந்தது.

"உங்க வீட்டுல ஒண்ணியும் சொல்ல மாட்டாங்களா?" என்று பரணி ஒரு முறை கேட்டபோது, வீம்புக்கு, "எங்க அப்பாவுக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிவைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடிய அவசரத்தில் கேமராப் பையை அங்கேயே விட்டுவிட்டாள். பத்மினி வீட்டில் குளித்து, வீடு வந்து சேர்ந்து, விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் சத்தம். கதவைத் திறந்தது அப்பா.

"சாமி, அலர்மேல் மேடம் வீடு இதானுங்களா?" சொட்டச் சொட்ட நனைந்து பரணி நின்றான். பையை மட்டும் சட்டைக்குள் காப்பாற்றி வைத்திருந்தான். "கல்லறையிலயே வுட்டுட்டு வந்துட்டாங்க. உள்ளே இருக்கற ஐடி கார்டுல அட்ரஸ் பார்த்தேன்."

"எங்க விட்டுட்டு வந்தா?"

"சித்தூரு பட்டாளத்துக் கல்லறையில சாமி. வாரா வாரம் வர்றாங்களே... உங்களுக்கு எல்லாம் தெரியும்னு..."

உள்ளே நின்ற அலர்மேலின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"உங்களை யார் இங்க வரச் சொன்னா?" என்றாள் அலர்மேல்.

"தப்பாயிடுச்சுங்க." பையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

"நில்லுங்கோ," என்றார் யதிராஜன். பிறகு மகளைப் பார்த்தார். "நூலகம்னு சொன்னியே?"

"ஒவ்வொரு தடவையும் குளிச்சுட்டுத்தான்பா வருவேன். பத்மினி ஆத்துல..."

"தீட்டு ஒரு முழுக்குல போயிடும், அலர்மேல். பொய் சொன்னதை எந்தக் குளத்துல கரைக்கறது?"

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் அவளை உடைத்தது. அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். "பத்தொன்பது வயசுப் பொண்ணுப்பா. தாய் தகப்பன் கடல் தாண்டி எங்கேயோ. அவ பேரைச் சொல்ல இத்தனை காலமா யாருமில்லை. நான் வாய்விட்டுப் படிச்சேன். அதைத் தப்புன்னு என்னால நினைக்க முடியலை."

யதிராஜன் மழையைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்ன பேரு?"

"மார்கரெட்."

"மார்கரெட்..." ஆயுசு முழுக்கப் பாசுரம் சேவித்த நாக்கு, அந்தப் பெயரை ஓர் எழுத்தும் சிதறாமல் சொல்லிப் பார்த்தது. "பேர் சொல்ல ஆளில்லாதவாளுக்குச் செய்யறதை நான் தடுக்க மாட்டேன். போயிட்டு வா. ஆனா, சொல்லிட்டுப் போ." அப்புறம், போகிற போக்கில் கேட்பது போல, "இன்னும் எதையாவது மறைச்சு வச்சிருக்கியா?" என்றார்.

இல்லை என்று சொல்வது எத்தனை சுலபம்... அவள் வாசலைப் பார்த்தாள். போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒருவன் மழையில் நனைந்துகொண்டிருந்தான். இப்போது சொல்கிற பொய்யை அவனும் கேட்பான்.

"இருக்குப்பா. இவரை எனக்குப் பிடிச்சிருக்கு. இவர்கிட்டகூட இன்னும் சொல்லலை."

பரணி தலை நிமிர்ந்தான். இமையில் நின்ற மழைத் துளியைத் துடைக்கக்கூட மறந்து அவளையே பார்த்தான்.

"உங்களுக்கு?" என்றார் யதிராஜன், அவனிடம்.

"எனக்கும்தான் சாமி." பதில் அவருக்கு... பார்வை அவளிடம். "எங்க நைனா கையைக் காலைப் பிடிச்சாவது நானே கூட்டிக்கினு வர்றேன். உங்க மனசுக்கு வேணாம்னு பட்டா, இப்பவே சொல்லிடுங்க."

நகரிக்கும் திருச்சானூருக்கும் நடுவில் வம்பு பேசுகிற வாய் எத்தனை இருக்கிறது என்று யதிராஜனுக்குத் தெரியும். அவனை மேலும் கீழுமாக ஒரு முறை பார்த்தார்.

"பின்கட்டுல பைப்பு இருக்கு. கல்லறையிலேர்ந்து நேரா வந்திருக்கேள்... தலைக்கு விட்டுண்டு உள்ளே வாங்கோ. உட்கார்ந்து பேசலாம்."

அலர்மேல் துண்டு எடுக்க உள்ளே ஓடினாள்.