நடுக்குரல்

காலி அறையின் மௌனத்தைப் பதிவு செய்து வைத்திருந்தான். அந்த மௌனத்துக்குள் யாரோ பெடலை மிதித்தார்கள்.

முதலில் தெருச் சத்தம் என்றே எடுத்துக்கொண்டான். எந்த அறையும் முழு மௌனமாக இருப்பதில்லை. சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய், அடுத்த வீட்டு ஃபிரிட்ஜின் முனகல், திரைச்சீலை ஜன்னல் கம்பியில் உரசுவது, பகலில் வாங்கிய சூட்டை விடும்போது மரத்தரை போடும் சொடக்கு எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு தனி மௌனம் உண்டு. ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டுவது அவன் தொழில். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் வெறுமையை விட்டால் கேட்பவர் காது பள்ளத்தில் விழும். அங்கே அந்த அறையின் மௌனத்தை ஊற்றி நிரப்ப வேண்டும். அதற்காகத்தான் பியானோவை மூடி, மேலே போர்வை போர்த்தி, மைக்கை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டில் வந்து உட்கார்ந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவி போன பிறகு அந்த வீட்டில் வேறு யாரும் இருப்பதில்லை.

ஹெட்போனைக் காதோடு அழுத்தித் திரும்பக் கேட்டான். வலது பெடலின் ஸ்பிரிங் சிணுங்கியது. பிறகு தந்திகளின் மேல் படுத்திருக்கும் கம்பளித் துண்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பும் மெத்தென்ற மூச்சு. பெடலை மிதித்ததும் பியானோ அறையை ஒட்டுக்கேட்க ஆரம்பிக்கும் என்பாள் மனைவி. விடுபட்ட தந்திகள், யார் தும்மினாலும் திருப்பிச் சொல்லும். பதிவிலும் அப்படித்தான் இருந்தது. குழாய்த் தண்ணீர் திடீரென்று ஓர் ஆழமான கிணற்றுக்குள் ஓடியது. யாரோ வாசிக்கத் தயாராகி, வாசிக்காமல், காலை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பதிவு முடியும்வரை அந்தக் காலை எடுக்கவே இல்லை.

அவன் அதை அழிக்கவில்லை. பயப்படவும் இல்லை. பயப்படுவதற்கு உள்ளே ஏதோ ஒன்று வேலை செய்ய வேண்டும். அது கொஞ்ச நாளாக வேலை செய்யவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த நாளைக்கு மைக்குகளைத் துடைத்து வைத்தான்.

*

மனைவி பியானோ கலைஞர். அவள் கடைசியாக எடுத்துக்கொண்ட இசை, பழைய காவியம் ஒன்றைப் படித்த மயக்கத்தில் ஒருவர் பியானோவுக்காக எழுதியது. தன்னைத் தவிர வேறு எவனும் வாசித்துவிடக் கூடாது என்றே எழுதி வைத்துவிட்டுப் போன பாவி என்று அவரை அவள் தினமும் திட்டுவாள். கதை எளிது. செத்துப்போன அரசியைத் தேடி அரசன் பாதாளத்துக்கு இறங்குகிறான். அது முதல் பாகம். இறந்தவர்களின் சபையில் அவளைக் கண்டுபிடிக்கிறான். அது இரண்டாவது. கூட்டிக்கொண்டு போ என்கிறான் காவல்காரன். ஆனால் செத்தவர்களுக்குக் கை கிடையாது; பாறையைப் பற்றி ஏற யாராவது தன் கையைக் கொடுக்க வேண்டும். அரசன் தன் இரண்டு கைகளையும் கொடுக்கிறான். மூன்றாவது பாகம், ஏறுதல்.

அந்த மூன்றாவது பாகத்தில்தான் வித்தை இருந்தது. இடது கை கீழே இடியாக உருளும். வலது கை மேலே காற்றாகச் சுழலும். நடுவில் அரசி பாடுவாள். அந்தப் பாட்டுக்கென்று கை மிச்சம் இல்லை. இரண்டு கைகளின் கட்டைவிரல்களும் ஓடுகிற ஓட்டத்தில் மாறி மாறி அதைத் திருடி வாசிக்க வேண்டும். கண்ணை மூடிக் கேட்டால் மூன்று கை.

"நான் செத்தா நீ குடுப்பியா?" என்று கேட்டிருக்கிறாள், விரல்களை நீவிவிட்டுக்கொண்டே.

"எனக்கு ரெண்டும் இடது கைன்னு நீதானே சொல்லுவ."

"அதுவும் சரி. உன் கைய வாங்கி நான் என்ன பண்றது? பக்கத்த திருப்பு, அது போதும்."

மனப்பாடமாக அவள் எதையும் வாசித்ததில்லை. மேடையிலும் பதிவிலும் அவன்தான் இடதுபக்கம் நின்று பக்கம் திருப்புவான். மோவாயை அவன் பக்கம் லேசாகத் தூக்குவாள்; அதுதான் சைகை. வாசிக்கும்போது வாய்க்குள் முனகுவாள், எப்போதும் நடுக்குரலை. அந்த முனகலைப் பதிவிலிருந்து சுரண்டி எடுப்பதற்குள் அவனுக்கு உயிர் போகும். "என் மூச்ச எல்லாம் வெட்டி எங்கடா போடுற?" என்பாள். "குப்பையில" என்பான். நன்றாகத்தான் சுரண்டியிருக்கிறான். வீட்டில் இருக்கும் எந்தப் பதிவிலும் அவள் குரல் மிச்சமில்லை.

இரண்டு பாகம் பதிவான வாரத்தில், சமையலறையில், கையில் டம்ளரோடு நின்றவள் அப்படியே சரிந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. திறந்தபடி ஓடிய தண்ணீர்க் குழாயை அவன்தான் பிறகு போய் மூடினான்.

"இருக்கற ரெண்டு பாகத்தையே போட்டுடலாம் சார். ஜனங்களுக்குத் தெரியவா போகுது?" என்றார் பதிவை வெளியிடும் கம்பெனிக்காரர் போனில்.

முடியாது என்றான். அவளைச் சபையிலேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்த அவனால் முடியவில்லை.

*

ஞாயிறு மத்தியானம் மனைவியின் தங்கை வந்தாள். தெருவுக்கு எதிரே இருந்த பட்டறைக்கு விடுமுறை. தெரு அடங்கிக் கிடந்தது. அவளும் பியானோ வாசிப்பவள்தான், ஆனால் விளம்பரங்களுக்கு. சோப்பு, பற்பசை, குழந்தைப் பவுடர். சின்னக் கைகள். அதனால் அக்கா வைத்த பெயர் அணில்.

"வீடு என்ன மாமா ஐஸ் பொட்டி மாதிரி இருக்கு? சாப்டீங்களா?"

"ம்."

"பொய் சொல்லக்கூட உங்களுக்குத் தெம்பு இல்ல." போர்வையை உருவினாள். ஸ்டூலில் உட்கார்ந்ததும் முழங்கால் மேலே வந்தது. "எம்மா, நெட்டச்சி! தரையோட எறக்கி வச்சிருக்கா பாருங்க." பக்கத்துத் திருகைச் சுற்றிச் சுற்றி ஸ்டூலை உயர்த்தினாள். இசைக்குறிப்பு நோட்டை விரித்துப் பார்த்தவள் சிரிப்பை விட்டுவிட்டாள்.

"மாமா, ஒரு கைக்கு எட்டு கட்டையே நான் இழுத்துப் புடிச்சாதான் எட்டும். இந்த ஆளு பத்து கேக்கறான். ஒண்ணு பண்றேன். நடுப் பாட்ட விட்டுடறேன். மேலயும் கீழயும் மட்டும் அடிச்சுத் தர்றேன். அக்கா பிராக்டிஸ் பண்ணும்போது எடுத்ததுல இருந்து நடுவ வெட்டி நீங்க ஒட்டிக்கோங்க."

"அது ஏமாத்து."

"நாங்க பண்ணாத ஏமாத்தா? பல்லு விளக்கற சத்தத்தையே நான் கீபோர்டுலதான் வாசிச்சேன்."

அவன் மைக்கை ஓடவிட்டு வந்து இடதுபக்கம் நின்றான். அவள் வாசித்தாள். கட்டைவிரல்கள் இரண்டையும் உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டாள், தவறிக்கூட நடுவைத் தொடக் கூடாது என்று. கீழே இடி. மேலே காற்று. நடுவில் ஒன்றுமில்லை. ஆள் நடக்கவேண்டிய இடத்தில் ஆள் இல்லாத பாதை மாதிரி இருந்தது. கடைசிச் சில பக்கங்களுக்கு முன்னால் அவள் மூச்சு வாங்கி நிறுத்தினாள். பாராட்டு எதுவும் கிடைக்காது என்று தெரிந்து, தானே தன் தோளைத் தட்டிக்கொண்டு, டீ போடச் சமையலறைக்குப் போனாள்.

அவன் மேசைக்கு வந்து ஹெட்போனை மாட்டினான்.

கீழே இடி. மேலே காற்று. நடுவில் அரசி பாடினாள்.

நிறுத்தினான். எதையும் இன்னும் ஒட்டவில்லை. மனைவியின் பழைய பதிவுகளை இன்று திறக்கவே இல்லை. திரும்ப ஓடவிட்டான். நடுக்கட்டைகளுக்கு நேரே இருந்த மைக்கை மட்டும் தனியாகக் கேட்டான். அவசரமில்லாத, கனமான தொடுகை. ஒவ்வொரு சுரத்தின் வாலிலும் சற்று அதிகம் தங்கும் விரல். அதன் அடியில், அவன் வருடக்கணக்கில் சுரண்டிச் சுரண்டி எறிந்த அந்த முனகல்.

கையை வாயில் வைத்துக்கொண்டான். உள்ளே வேலை செய்யாமல் கிடந்த ஒன்று அசைந்தது. அது பயம் இல்லை. பயமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்படி மாமா வந்திருக்கு?" டீயோடு அவள் வாசலில் நின்றாள்.

"நடுவுல எதையாவது தொட்டியா?"

"நக்கலா? மடக்கித்தானே வச்சிருந்தேன்." டம்ளரை வைத்துவிட்டுக் கட்டைவிரல்களை நீட்டினாள். "மடக்கி வச்சே மரத்துப்போச்சு. இங்க பாருங்க." ஒன்றைப் பல்லால் கடித்துக் காட்டிச் சிரித்தாள். பல் தடம் ஆழமாக விழுந்தது. தடம் சிவக்கவில்லை. "சுத்தமா தெரியல!"

இப்போது சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. கேட்டுப் பார் என்று ஹெட்போனை நீட்ட வேண்டும். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று சொல்ல வேண்டும்.

"இன்னொரு தடவ வாசி" என்றான்.

*

வெளியே மேகம் இறங்கியிருந்தது. அறையில் ஈரத்தின் வாடை, பழைய கம்பளியின் வாடை, அவற்றுக்கு அடியில் மனைவி விரல்களுக்குத் தேய்க்கும் கற்பூரத் தைலத்தின் வாடை. அந்தப் புட்டியை அவன் தூக்கிப் போட்டு மாதமாகிறது.

அணில் உட்கார்ந்தாள். முழங்கால் மேலே வந்தது. ஸ்டூல் தாழ்ந்திருந்தது. அவள் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான்.

இந்த முறை ஹெட்போன் தேவைப்படவில்லை. மூன்று குரலும் அறைக்குள் கேட்டன. அவள் கட்டைவிரல்கள் மடங்கியிருக்கவில்லை. முனகல் அவன் காதோரம் வந்தது. அணிலின் உதடுகள் மூடியிருந்தன; அது அவளிடமிருந்து வரவில்லை. முதலில் நிறுத்திய அதே இடத்தில் கைகளைப் பிடுங்குவது போல எடுத்து அக்குளுக்குள் சொருகிக்கொண்டாள்.

"மணிக்கட்டு வரைக்கும் தெரியல மாமா. குளிருது. எனக்கு இது புடிக்கல. போதும்."

"கடைசிப் பக்கங்க மட்டும்."

"நாளைக்கு வர்றேன்."

"அவ மேல வரணும்" என்றான்.

அப்படிச் சொல்ல அவன் நினைத்திருக்கவில்லை. சாவு வீட்டில்கூட அவன் குரல் உடைந்து அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். அவள் கண் நிறைந்தது.

"அய்யோ மாமா" என்றாள். "சரி. அழாதீங்க. அக்காவுக்காக."

கைகளை அக்குளிலிருந்து எடுத்துக் கட்டைகள் மேல் வைத்தாள்.

பெடல் சிணுங்கியது. அறை கிணறானது.

இடி. காற்று. அரசி.

சின்னக் கைகள் விரிந்தன. எட்டு கட்டை. ஒன்பது. தோல் வெளுத்து இழுபட்டது. பத்து. எலும்பு நகரும் சத்தம் இசைக்கு நடுவே தெளிவாகக் கேட்டது. வலது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்து நின்றது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி அப்படி வளைந்தது மனைவியின் விரல். அணிலுடையது எப்போதும் நேரான விரல்.

அவள் நோட்டைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தாள். யாரோ தன் மடியில் கொண்டுவந்து வைத்த எதையோ பார்ப்பது போல.

"மாமா. நான் வாசிக்கல."

அவன் நின்றான்.

"மாமா, என் கை எங்க?"

மூடியை இழுத்துச் சாத்தலாம். அவளைத் தோளோடு இழுத்து எடுக்கலாம். நோட்டைத் தட்டிவிடலாம். அவனுக்கு இரண்டு கைகள் இருந்தன. சூடாக, முழுதாக.

பக்கம் முடிந்தது.

கைகள் நின்றன. மனப்பாடமாக அவள் எதையும் வாசித்ததில்லை. விரல்கள் கட்டைகளுக்கு ஒரு மயிரிழை மேலே, விரிந்தபடி, அசையாமல். பெடல் மட்டும் மிதிபட்டிருந்தது. தந்திகளெல்லாம் திறந்து கிடந்தன. குழாய்த் தண்ணீர் அதற்குள் ஓடியது. அவன் மூச்சு அதற்குள் போய்த் திரும்பி வந்தது.

அதே மௌனம்.

அணில் தலையை ஆட்டினாள். வேண்டாம். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வேண்டாம் மாமா. மறுபடி ஆட்டினாள். பாதி ஆட்டத்தில் கழுத்து நின்றது.

மோவாய் மெல்ல, அவன் பக்கமாக, லேசாக உயர்ந்தது.

கண்கள் மட்டும் அணிலுடையவை. அவை அவனை விட்டு அகலவில்லை.

அவன் கையை நீட்டிப் பக்கத்தைத் திருப்பினான்.