ஏற்கெனவே சொல்லப்பட்ட அப்பா

சனிக்கிழமை காலை என்றால் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான் ஒலிக்கும். “ஏன் இந்தப் படிப்பு?” பிள்ளைகள் பல் தேய்த்துக்கொண்டே பல்கலைக்கழக நேர்காணலுக்கான பதிலைச் சொல்லிப் பார்ப்பார்கள். வீட்டிலிருக்கும் எதிரொலிமானிக் கருவி ‘முன்பே சொன்னது’ என்று சிவப்பைக் காட்டினால் வேறு பதில் யோசிக்க வேண்டும். என் மகள்கள் ஆதிரையும் செவ்வந்தியும் அப்படித்தான்.

மனப்பாடத்தை ஒழிக்கிறோம் என்று சொல்லித்தான் பல்கலைக்கழகங்கள் அந்தக் கருவியைக் கொண்டுவந்தன. இதுவரை நடந்த நேர்காணல்கள் எல்லாம் அதன் நினைவகத்தில் இருக்கின்றன. முன்பு யாரோ சொன்னதைப் போலப் பதில் இருந்தால் மதிப்பெண் போய்விடும். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, சாத்தூர் பயிற்சி மையத்தில் ஆதிரை உட்காரும் வரை.

“வேதியியல் ஏன்?” என்று கேட்டார் பயிற்சியாளர் பெனடிக்ட்.

“எங்கப்பா பட்டாசு ஆலையில மருந்து கலக்கும்போது வெடிச்சு இறந்துட்டாரு சார். அது ஏன் வெடிச்சதுன்னு எனக்குத் தெரியணும்.”

சிவப்பு எரிந்தது.

“இது ரொம்ப அடிபட்ட கதைம்மா,” என்றார் அவர் என்னிடம். “பட்டாசு அப்பாவ நிறையப் பேரு சொல்லிட்டாங்க.”

“யாரு, எங்க ஊருப் பிள்ளைகளா?”

தயங்கினார். “சென்னைப் பிள்ளைங்க. இந்தக் கருவி வர்றதுக்கு முன்னாடி நல்ல மார்க் வாங்கிக் குடுத்த பதில். எங்க சென்னைக் கிளையிலதான் எழுதிக் குடுத்தாங்க.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பன் குத்துக்கல்லாட்டம் வீட்டில் இருக்கிற பிள்ளைகள், என் புருஷனைச் சாகடித்து சீட் வாங்கிப் போயிருக்கிறார்கள். செத்தது சங்கரபாண்டி. தாலியைக் கழற்றியவள் நான். அந்தச் சாவு இப்போது பழசாகிவிட்டதாம்!

“அப்பாவுக்கு சென்ட் கடை, வாசம் எப்படி வருதுன்னு தெரியணும்னு வச்சுக்கலாம். அத இன்னும் யாரும் சொல்லல,” என்றார் பெனடிக்ட்.

“நீங்க வேணா உங்க அப்பாவ மாத்திக்கோங்க!” என்று கத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் சீட் வேண்டுமே. வீட்டில் ஆதிரை சென்ட் கடை அப்பாவைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகினாள். அடுத்த வருஷம் இதே நேர்காணலுக்குப் போக வேண்டிய செவ்வந்தி அக்காவைத் திருத்தினாள். கேட்கச் சகிக்காமல் நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

நேர்காணல் அன்று பெற்றோர் கூடத்தில் திரையைப் பார்த்தபடி இருந்தேன். கேள்வி வந்தது. ஆதிரை வாயைத் திறந்தாள், சென்ட் கடை வரவில்லை. பட்டாசு ஆலைதான் வந்தது. சிவப்பு எரிந்தது.

“இது கேட்ட பதில். வேறு காரணம் உண்டா?” என்றது கருவி.

“எனக்கு வேற அப்பா இல்லையே,” என்றாள் அவள்.

கருவி தன் நினைவகத்தைத் துழாவியது. பிறகு பச்சை எரிந்தது. அந்த வாக்கியத்தை அதுவரை யாருமே சொல்லவில்லையாம். அப்புறம் அப்பாவைப் பற்றித் துருவித் துருவிக் கேட்க, அவள் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். முழு மதிப்பெண் கொடுத்து, சீட்டும் கொடுத்துவிட்டார்கள்.

விதிப்படி நேர்காணல்கள் அன்றே பொதுவில் வெளியாகி, எல்லா எதிரொலிமானிகளிலும் ஏறிவிடுகின்றன. மறுநாள் பயிற்சி மையத்தின் மாதிரி விடைகளில் முதலாவதாக என் மகளின் வார்த்தை இருந்தது. யார் யார் பிள்ளைகளோ சிவப்பு எரியாதபடி ஒன்றிரண்டு சொல்லை மாற்றி, கண் கலங்கி அதைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள். என்ன பிழைப்பு இது, தூ!

வீட்டில் செவ்வந்தி, அப்பாவைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எதிரொலிமானியிடம் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு. ‘ஆதிரை சொன்னது’ என்று பெயரோடு காட்டியது.

“அம்மா, அவரு எனக்குந்தான அப்பா?” என்று கேட்டாள்.