போர்வைக்குள் இருந்த கைகள்

கணவனை இழந்த அந்தப் பெண் இரண்டு ரத்த அறிக்கைகளை மேசைமேல் வைத்தாள். உட்காரவில்லை.

"யாருன்னு மட்டும் சொல்லுங்க சார். மீதிய நான் பாத்துக்கறேன்."

ரத்த ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவரை எல்லோரும் 'கண்ணாடிக்காரர்' என்றே அழைப்பார்கள். அவர் அறிக்கைகளை நிதானமாகப் படித்தார். சட்டம் படிக்கும் அவர் மருமகள் அதற்குள் குறிப்பேட்டைத் திறந்துவிட்டாள்.

கணவருக்கு எய்ட்ஸ். பேச்சு குழறியதும் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணி என்று மருத்துவர் சந்தேகித்தார். ஆனால் அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இல்லை என்று அறிக்கை வந்ததால் மருந்தை நிறுத்தினார். ஒன்பதாம் நாள் கணவர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் மூளையில் இருந்தது அதே ஒட்டுண்ணி.

"அஞ்சு மாசம் முன்னாடி வந்த முதல் அறிக்கையில அந்த ஆன்டிபாடி நிறைய இருந்திருக்கு. அப்போ இது வேற ஆள் ரத்தம், மாமா!"

"அவசரப்படாதம்மா. நோய் முத்தினா உடம்பு பழைய ஆன்டிபாடியக்கூடக் கைவிட்டுடலாம். ஆய்வகத்துல அதத்தான் சொல்வாங்க." அவர் விரல் கடைசி வரிக்கு நகர்ந்தது. "இருந்தது போனதுக்குச் சாக்கு உண்டு. இல்லாதது வந்ததுக்கு?"

பி வகை மஞ்சள்காமாலைக்கான ஆன்டிபாடி முதல் அறிக்கையில் துளியும் இல்லை, இரண்டாவதில் ஏராளம். கணவர் அந்தத் தடுப்பூசியே போட்டதில்லை. போட்டிருந்தாலும், அவ்வளவு நலிந்த உடம்பு இவ்வளவு உற்பத்தி செய்திருக்காது.

ரத்தம் எடுத்த நாளைப் பற்றிக் கேட்டார். ரத்தம் எடுப்பவன் அவளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பியிருக்கிறான்.

"திரும்பி வந்தா குழாய் நிறைஞ்சிருக்கு. நான் செருகிவிட்ட போர்வை கலையவே இல்ல, அவரு கை ரெண்டும் உள்ள. அவன்தான் தன் முழங்கைய மடக்கிப் பஞ்ச அழுத்திக்கிட்டு நின்னான். கேட்டா, கொசுக்கடின்னான்."

மறுநாள் காலை மூவரும் மருத்துவமனை ஆய்வகத்துக்குப் போனார்கள். அதன் தலைவரும் மருத்துவரும் ரத்தம் எடுப்பவனும் கூடினார்கள். ஊழியர் அனைவருக்கும் மஞ்சள்காமாலைத் தடுப்பூசி போட்டு முடிந்ததாகச் சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தது. மருமகள் அதைப் பார்த்துவிட்டு மாமனாரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"இது தடுப்பூசி போட்ட, ஆரோக்கியமான ஒருத்தரோட ரத்தம்" என்றார். "மிச்சம் குளிர்பெட்டியில இருக்கும். அதுல எய்ட்ஸ் கிருமி இருக்கான்னு பாத்தா போதும்."

தலைவர் குளிர்பெட்டியைத் திறக்கும் முன்பே ரத்தம் எடுப்பவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். எய்ட்ஸ் நோயாளியைத் தொடப் பயந்து தன் ரத்தத்தையே குழாயில் ஊற்றியதாகச் சொன்னான். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதாம்.

கணவனை இழந்தவள் அவன் எதிரே உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தாள்.

"போலீசுக்கு எழுதிக் கொடுத்தாச்சு. அவங்க வர்றதுக்குள்ள எடு. எனக்கும் அதே நோய்தான். இன்னைக்கு எனக்குப் பரிசோதனை நாள்."

அவன் மருத்துவரைப் பார்த்தான், மருத்துவர் தலை குனிந்துகொண்டார். கையுறை மாட்டவே அவனுக்கு மூன்று முறை தவறியது. ஊசி ஏறியபோது அவள் கையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்தாள்.

"நடுங்காம எடு" என்றாள். "நீ கேட்டிருந்தா அவரும் நடுங்காமத்தான் கைய நீட்டியிருப்பாரு."