எட்டாம் எண் உடம்பு

“இது யாரோட உடம்புக்கா?”

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, கேட்கக் கூடாது என்று சொல்லப்பட்ட ஒரே கேள்வி அதுதான். லேசியேலி கேட்டுவிட்டாள். பேனர் துணியின் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்த முதலாளி லவினியா நிமிரவே இல்லை.

“எட்டாம் நம்பர் உடம்பு. அதுக்கு மேல உனக்கு எதுக்கு?”

“மத்த உடம்புல செஞ்சதெல்லாம் திறக்குது. இதுல செஞ்சது மட்டும் சேவ் பண்ணி மூடினா திரும்பத் திறக்க மாட்டேங்குது. தலை வெட்டாத மூலப் படத்தைக் குடுங்க. கோளாறு அதுலதான் இருக்கணும்.”

“கடல் தாண்டி சுவாவுக்குப் போய்ப் பட்டம் வாங்கினவளாச்சே நீ. ஒரு படத்தைத் திறக்க வக்கில்லையா? வெளியில அந்தம்மா உட்கார்ந்திருக்கு பாரு. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து சவப்பெட்டியோட லாரி கிளம்பிடும், அதுக்குள்ள பேனர் வேணும்.”

அந்தம்மா கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பெஞ்சில் இருந்தாள். கறுப்பு உடை, இடுப்பில் துக்கத்துக்குக் கட்டும் கிழிந்த பெரிய பாய், மடியில் கணவன் செமிசியின் பாஸ்போர்ட். குடும்பப் படம் எடுத்த அன்று செமிசி நியூசிலாந்தில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தார். இப்போது செத்துப்போய்விட்டார். பிள்ளைகளின் நடுவில் அவர் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். இன்று சனிக்கிழமை. நள்ளிரவு தாண்டினால் ஞாயிறு, ஓய்வுநாள்; இந்தத் தீவின் தலைநகரான நுகுஅலோஃபாவில் எந்தக் கடையும் திறக்காது. திங்கள் காலை அடக்கம்.

இந்தக் கடை செய்வதே இதைத்தான். செத்தவர்களுக்குப் பெரும்பாலும் முகம்தான் மிஞ்சியிருக்கும், பாஸ்போர்ட்டிலோ வங்கி அட்டையிலோ. நிற்க உடம்பு வேண்டும். லவினியாவிடம் பன்னிரண்டு இருந்தன. கோட்டும் டையும் இடுப்புப் பாயுமாக, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாமல் நின்ற பன்னிரண்டு ஆண்கள்.

லேசியேலி மறுபடி உட்கார்ந்தாள். தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அச்சு இயந்திரத்தின் சூடேறிய மையின் நெடி தொண்டையில் இனிப்பாகப் படிந்தது. பிற்பகல் மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டியிருந்த அந்த நீள அறையில், திரையின் வெளிச்சம் அவள் கைகளைத் தண்ணீரில் ஊறியவை போலக் காட்டியது. முதல் தடவை திறக்காதபோது கோப்பின் பெயரைச் சந்தேகப்பட்டாள். ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயரை எழுதும்போது நடுவில் வரும் தலைகீழ்க் காற்புள்ளியைச் சில கணினிகள் ஏற்காது. அதை எடுத்துவிட்டு முழுப் படத்தையும் மறுபடி செய்தாள். திறக்கவில்லை. பென்டிரைவிலிருந்து கணினிக்கு மாற்றிப் பார்த்தாள். திறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அதே வாசகம்: கோப்பு எதிர்பாராத இடத்தில் முடிந்துவிட்டது.

உள்ளே போக முடியவில்லையே தவிர, வெளியிலிருந்து எட்டிப்பார்க்க முடிந்தது. கோப்புகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நகம் அளவுக்கு ஒரு குட்டிப் படம் தெரியும். முதல் கோப்பின் குட்டிப் படத்தில் செமிசி பிள்ளைகள் நடுவில் நேராக நின்றார். அவள் வைத்த இடத்தில்.

இரண்டாவதில் பக்கவாட்டில் திரும்பியிருந்தார்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். திரும்பித்தான் இருந்தார். ஒரு கால் முன்னால்.

“அக்கா, இங்க வந்து பாருங்க.”

“வேலையைப் பாரு.”

மூன்றாவது தடவை செய்யத் தொடங்கினாள். தலையை வெட்டினாள், கழுத்தில் பொருத்தினாள், ஓரத்தை மென்மையாக்கினாள். எங்கே பிசகு என்று பார்க்க உடம்பை அங்குலம் அங்குலமாகப் பெரிதாக்கினாள். கோட்டின் இழை. பாயின் பின்னல். கோத்த கைகள். இடது மோதிர விரலில் நுனி இல்லை. நகமிருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான சிறு மேடு.

தேங்காய் துருவுகிற பலகையில் அது போனபோது அவனுக்கு ஆறு வயது. துணி சுற்றி, தூக்கிக்கொண்டு ஓடியவள் லேசியேலிதான்.

காலையிலிருந்து ஆறு மணி நேரம் தன் தம்பியின் உடம்பை வெட்டியும் ஒட்டியும் கொண்டிருந்திருக்கிறாள். தெரியவில்லை. எப்படித் தெரியும்? மீசை அரும்பிய நாளிலிருந்து ஃபெலேட்டி பின்கட்டுக் குடிசையில் படுக்கிறான். அக்கா இருக்கும் அறையில் தம்பி உட்கார மாட்டான். தம்பியை அக்கா ஏறிட்டுப் பார்க்க மாட்டாள், அவன் படத்தைக்கூட. அதுதான் மரியாதை. இந்த ஊரில் எந்த அக்காவுக்கும் தம்பியின் தோள் எவ்வளவு அகலம் என்று தெரியாது.

எழுந்து போய் லவினியாவின் கையிலிருந்த கத்தரியைப் பிடுங்கினாள்.

“என் தம்பி.”

லவினியா திரையைத் திரும்பிப் பார்த்தாள். “போன வருஷம் கல்யாணத்துல எடுத்தது. நல்ல உயரம், நல்ல தோள். எல்லாத் தலையும் பொருந்துது.”

“எத்தனை பேருக்கு?”

“கத்தாதே, அந்தம்மா காதுல விழும்.”

“எத்தனை பொணத்துக்கு என் தம்பியைக் குடுத்தீங்க?”

“பதினொண்ணு. இவரோட சேர்த்து. படம்தானே பொண்ணே, அவனுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?”

மேசையில் கைபேசி அதிர்ந்தது. அம்மா.

“லேசி, உன் தம்பிக்கு என்னன்னே தெரியலடி. மத்தியானத்திலேருந்து முற்றத்துல நின்னுக்கிட்டிருந்தான். கோட்டு போட்டுக்கிட்டு, பாய் கட்டிக்கிட்டு, கையைக் கோத்துக்கிட்டு. மழையில. கூப்பிட்டா திரும்பல. கிழங்கு வெந்துடுச்சு, உள்ள வாடான்னேன். நீங்க யாரும்மான்னு கேட்டான். அவன் குரலே இல்லடி அது.”

“அவனை உள்ள இழுத்துக் கதவைச் சாத்தும்மா.”

“எங்க சாத்துறது? நடந்து போயிட்டான். செருப்புகூடப் போடல. டவுன் பக்கமா.”

லேசியேலி திரைக்கு ஓடினாள். மூன்றாவது கோப்பை அவள் இன்னும் சேமிக்கவே இல்லை. பட்டியலில் அது இருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அதன் அளவு ஏறிக்கொண்டிருந்தது. தொண்ணூறு எம்.பி. நூற்றுப்பத்து. நூற்று நாற்பது. குட்டிப் படத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி. பிள்ளைகள் எவரும் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லா முகங்களும் ஒரே பக்கம் திரும்பி, படத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரோ இறங்கிப்போன பக்கம்.

உடம்புப் படங்கள் இருந்த கோப்புறையைத் திறந்தாள். ஒன்று. இரண்டு. ஏழு. எட்டு.

எட்டு வெள்ளையாக இருந்தது.

“அழிச்சிடு,” என்றாள் லவினியா, தோளுக்குப் பின்னாலிருந்து. குரல் உடைந்திருந்தது. “எல்லாத்தையும் அழிச்சிடு பொண்ணே.”

“அழிச்சா எது போகும்? செமிசியா, ஃபெலேட்டியா?”

சுட்டி அழிக்கும் பொத்தானின் மேல் நின்றது. லேசியேலி விரலை எடுத்தாள்.

மின்விசிறி நின்றது. மழை மட்டும்.

பிறகு அதுவும் குறைந்தது. வெளியே பெஞ்ச் கிறீச்சிட்டது. அந்தம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பாஸ்போர்ட் கீழே கிடந்தது.

“வந்துட்டாரு,” என்றாள். புதுப்பெண் போலச் சிரித்தாள். “பாருங்க, நேர்லயே வந்துட்டாரு.”

தெருவுக்கு எதிர்ப்பக்கம், ரொட்டிக் கடையின் மூடிய கதவுக்கு முன்னால் அது நின்றது. வெறுங்கால்கள். நனைந்து தொங்கும் கோட்டு. கோத்த கைகள். இடது மோதிர விரலுக்கு நுனி இல்லை. அதுவரை ஃபெலேட்டி. அதற்கு மேல் வேறு ஒரு வெளிச்சம். மழையிருட்டில் தெருவே சாம்பலாகக் கிடக்க, அந்த முகத்தில் மட்டும் பகல் எரிந்தது, நேர் எதிரே விளக்கு வைத்ததுபோல, மூக்கின் கீழ்கூட நிழல் இல்லாமல். மழை உடம்பை நனைத்தது. முகத்தை நனைக்கவில்லை. கழுத்தைச் சுற்றி மங்கலான ஒரு கோடு. லேசியேலி மென்மையாக்கிய கோடு.

அது இமைக்கவில்லை. அந்தம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“போகாதே,” லவினியா லேசியேலியின் சட்டையைப் பிடித்தாள். “அந்தம்மா கூட்டிட்டுப் போகட்டும். அது அவங்க ஆளு.”

“தலை அவங்களோடது,” என்றாள் லேசியேலி. “உடம்பு எங்க வீட்டுது.”

பிடியை உதறினாள். கதவைத் தள்ளினாள். பெஞ்சிலிருந்து அந்தம்மா ஓடத் தொடங்கியிருந்தாள், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு. லேசியேலி ஓடவில்லை. நடந்தாள், வேகமாக, அந்தம்மாவைத் தாண்டி, தம்பியின் கையைப் பிடிக்க, தன் கையை நீட்டியபடி. எதிரே அந்த முகம் கழுத்தைத் திருப்பாமல், தான் மட்டும் மெல்ல வழுக்கி, அவள் பக்கம் திரும்பியது.