வெளியேறிய நேரம் 5.02

காலையிலிருந்து குனிந்தே கிடந்ததில் றிப்தியின் பிடரி கல்லாய் இறுகியிருந்தது. விடியச் சாப்பிட்ட அரை ரொட்டி எப்போதோ கரைந்துவிட்டது. கூலியாட்களின் வரவைப் பதியும் கைரேகை மெசினின் வயரைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகக் கையை நீட்டினான். செருகும் முன்பே, ஏதோ பொருத்தப்பட்டதற்கான இரட்டை மணிச்சத்தம் கேட்டது.

வயர் நுனி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"சனியன்," என்றான்.

துறைமுகத்துக்குக் கூலியாட்களை விடும் கொந்தராத்துக்காரர் ஸைனுலாப்தீன் தொப்பியைச் சரிசெய்தபடி வாசலில் நின்றார்.

"இன்னும் உசிர் வரல்லயா?"

"இல்ல நானா. பழைய டிரைவர புது சிஸ்டம் ஏத்துக்கொள்ளுதில்ல. மெசின் ஆரெண்டே தெரியாதெண்டு சொல்லுது."

"ஒன்ன ஆரெண்டு தெரிஞ்சுதான் நான் சம்பளம் தாறன். போய் அதுக்கிட்டச் சொல்லு." சிரிக்காமல்தான் சொன்னார். "ரெண்டு மணிக்குள்ள சரிவரல்லெண்டா கொழும்பால ஆள் வாறான். பழைய பதிவெல்லாம் ஒண்டொண்டாக் கிண்டிப் பாப்பானாம்."

"வேணாம் நானா. நானே செஞ்சு தாறன்."

"ஜும்ஆவையும் உட்டுட்டு நிக்கிறாய். பாப்பம்."

எல்லோரும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்விட்டார்கள். பழைய கொண்டெய்னரை வெட்டிச் செய்த கந்தோர் அறை வெயிலில் அடுப்பாய்க் கொதித்தது. சீமெந்துத் தூசியும் டீசலும் ஊறிய கயிற்று வாடையும் மூச்சை அடைக்க, தரைக்குக் கீழே கடல் இறங்குதுறைத் தூண்களை நக்கிக்கொண்டிருந்தது. மெசினின் டிரைவர் மென்பொருளை அழித்தான். திரும்பப் போட்டான். வேறு துளையில் செருகினான். வயரை மாற்றினான். பாதுகாப்புச் சோதனையை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டான். ஒவ்வொரு தடவையும் அதே மஞ்சள் முக்கோணம், அதே 'அறியப்படாத சாதனம்'.

கொழும்பு ஆள் வரக்கூடாது. வந்தால், ஜெமீலின் பெயருக்குள் இரண்டு விரல்கள் பதிவாகியிருப்பதைக் காண்பான். இரண்டாவது, றிப்தியின் இடது மோதிர விரல்.

கூலியாட்களுக்குள் அது குற்றமில்லை, ஒத்தாசை. பாரந்தூக்கும் வின்ச்காரன் ஜெமீலுக்கு வீட்டில் நிறைமாதப் பெண்சாதி. அவன் நேரத்துக்கு முன்னமே கிளம்புவான். ஐந்து மணிக்கு அவனுக்காக றிப்தி விரல் வைப்பான். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையும் வைத்தான். 5.02. வெளியேறினார்.

ஜெமீல் அன்று வெளியேறவில்லை. சரக்குப் பார்ஜிலிருந்து கடலுக்குள் வழுக்கி விழுந்திருந்தான். பதிவில் எல்லோரும் போயிருந்ததால் கேற்றைப் பூட்டினார்கள். ஒருவரும் தேடவில்லை. மூன்றாம் நாள் கிண்ணியாக் கரையில் பிணமாய் ஒதுங்கினான். விடியும்வரை கயிற்றைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான் என்றார் டாக்டர். விரல் நுனிகளில் தோல் இருக்கவில்லை.

மணிச்சத்தம். மஞ்சள் முக்கோணம் மறைந்தது.

றிப்தி மூச்சு விட்டான். மெசினின் கண்ணாடிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பாடா. இனி அந்த இரண்டாவது விரலை அழித்தால் போதும். ஜெமீலின் பக்கத்தைத் திறந்தான்.

திரையில் ஒரு புது வரி விழுந்தது.

ஜெமீல். உள்ளே வந்தார். 1.17.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். 1.17.

வயரைப் பிடுங்கினான். துண்டிக்கப்பட்ட சத்தம் வரவில்லை. நுனி அவன் மடியில் கிடந்தது. விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது.

தரைக்குக் கீழே கடல் நக்குவதை நிறுத்தியிருந்தது. ஊறிய கயிற்று வாடை. மிகக் கிட்ட.

ஜெமீலை வெளியே அனுப்பவேண்டும். வேறொன்றும் தோன்றவில்லை. இடது மோதிர விரலைக் கண்ணாடியில் வைத்தான்.

பொருந்தவில்லை.

துடைத்து வைத்தான்.

பொருந்தவில்லை.

கண்ணாடி ஈரமாயிருந்தது. நாக்கில் உப்புக் கரித்தது. அடியிலிருந்து, கண்ணாடிக்கு உட்புறமாக, ஊதி வெளுத்த ஒரு விரல் நுனி மெல்ல அழுந்தித் தட்டையானது. அதில் ரேகை இல்லை. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. கயிற்றைப் பிடிப்பதுபோல் அவை அவன் விரலுக்குக் கீழே மடங்கின. கையை இழுத்தான். வரவில்லை.

திரையில் அந்தப் புது வரி. வெளியேறிய நேரம் வெறுமையாயிருந்தது.

றிப்தி ஜெமீலுக்குக் கொடுக்கவேண்டிய கடன் ஒன்றுதான்: அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு ஒருவரும் போகாத தேடல்.