மணல் குறைந்த டின்கள்

மலாயாவில், கோலா சாவாவை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், முள்வேலிக்குள் அமைந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே குழாய்தான் இருந்தது. மாலையில் ஒரு மணி நேரம் மட்டுமே அதில் தண்ணீர் வரும்.

செல்லத்தின் அம்மா முத்தாயி பிள்ளை பெற்று ஒரு வாரமே ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பஞ்சாலை அவர்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் சுமந்தாள்.

“இன்னும் மூணு வாரம் பாத்துக்கிறேன்க்கா. அப்புறம் எனக்கு ரப்பர் ஸ்டோர்ல சாயந்தர வேலை.”

“அப்புறம் நான் எந்திரிச்சித் தூக்கிக்கிறேன்,” என்றாள் அம்மா.

செல்லத்துக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை. ஆனால், பத்து வயதான அவளால் அரை வாளிதான் தூக்க முடிந்தது. அரை அரை வாளியாகச் சுமந்தால், அண்டா நிறைவதற்குள் குழாய் நின்றுவிடும்.

ஆகவே, அவள் பயிற்சியைத் தொடங்கினாள். இரண்டு பெரிய பால்மாவு டின்களில் மணலை நிரப்பி, கம்பியால் பிடி கட்டி, நாள்தோறும் வீட்டின் பின்புறம் இருபது முறை தூக்கினாள். ஐந்தாம் நாள் டின்கள் மிக இலேசாகத் தோன்றின. மகிழ்ச்சியுடன் குழாயடிக்கு ஓடினாள். நிறைந்த வாளியோ அசையவே இல்லை.

“டின்ன ஊஞ்சல் ஆட்டுனா பலம் வந்துருமா லா?” என்று வீட்டின் பின்புறம் வந்து கேட்டான் எதிர்வீட்டு வீரமுத்து.

“நீ தூக்கிப் பாரேன்.”

அவன் தூக்கினான். அவன் பாதத்தின்மேல் மணல் சரசரவென்று கொட்டியது.

“செல்லம், ஒன் டின்னு ஒன்னுக்குப் போவுது.”

செல்லம் குனிந்து பார்த்தாள். காட்டில் ஒளிந்து வெள்ளைக்கார அரசோடு போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு எவரும் உணவைச் சேர்த்துவைத்துக் கொடுத்துவிடக் கூடாதென்று, மலாயாவின் அந்த அவசரகாலத்தில் கடைக்காரர்கள் டின்களைத் துளையிட்டே விற்றார்கள். அந்தத் துளைகள் வழியே மணல் ஒழுகியிருந்தது. பலம் கூடவில்லை, பாரம்தான் குறைந்திருந்தது.

அவள் அழவில்லை. ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை உருட்டித் துளைகளை அடைத்தாள். மூன்று நாளைக்கு ஒரு முறை, ஒரு பிடி மணலைக் கூடுதலாகப் போட்டாள். கை மறுத்த நாளில் மணலைக் கூட்டாமல், டின்களை மெதுவாக இறக்கினாள். அதுவும் பழகியபின், அவற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பிறகு ஒரே கையில் ஒரே டின்னோடு, சாயாமல் நடந்தாள்.

“தெனமும் ஒவ்வொரு மாதிரி செய்யிறியே,” என்றான் வீரமுத்து.

“ஒரே மாதிரி செஞ்சா கை தூங்கிப்போவுது லா.”

பஞ்சாலை வேலைக்குப் போன முதல் மாலை, செல்லம் வாளியை விளிம்புவரை நிரப்பினாள். மூச்சை இழுத்துத் தூக்கினாள். வாளி தரையைவிட்டு எழுந்தது. வழியில் இருமுறை இறக்கி வைத்தாள், மீண்டும் தூக்கினாள்.

அண்டாவில் தண்ணீர் விழும் ஓசை கேட்டு, அம்மா பாயிலிருந்து கையூன்றினாள்.

“யாரு அது?”

“நான்தாம்மா. நீ படு. இன்னும் நாலு வாளிதான்.”

அம்மா ஊன்றிய கையை எடுத்து, பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்தாள்.