நாற்பதும் பச்சை

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்க வேண்டியவர் சர்வர் அறைத் தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது...

ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் அவர். ஆம்புலன்ஸ் அள்ளிப்போனபோது இரவு மணி பத்தரை. இன்ஸ்பெக்டர் வந்தபோது பதினொன்றேகால்.

மேஜையில் கம்ப்யூட்டர் திரை. நாற்பது சோதனை. நாற்பதும் பச்சை.

மேனேஜர் பதறாமல் விளக்கினார். இது ஃபைல் டவுன்லோட் செய்யும் டூல். எந்த நோயாளிக்கு எவ்வளவு மருந்து என்ற பட்டியலை, பன்னிரண்டு மணியிலிருந்து ஆஸ்பத்திரியில் இதுதான் இறக்கும். தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. எல்லாச் சோதனையும் தானாகவே ஓடித் தேறிவிட்டது. பத்து மணிக்குத் தன் அறையில் உட்கார்ந்து, சோதனைக்கென்றே பாதியில் அறுத்துவிடும் சர்வரிலிருந்து தானே ஒரு ஃபைல் எடுத்துப் பார்த்தாராம். பாதி வந்தது, அறுந்தது, டூல் சரியாகக் கண்டுபிடித்ததாம். டெஸ்டர் ஈரத்தரையில் வழுக்கியிருப்பார், பாவம்.

"பொய் சார். பாதி வந்தா முழுசுன்னு நம்பிடுது இந்த டூல். நேத்தே அவர் சொன்னார்."

டெஸ்டரின் மனைவி. அங்கேயே புரோகிராமர்.

"இப்ப அவரே அந்த ஆஸ்பத்திரியிலதான் கிடக்கார். பட்டியல் பாதி வந்தா அவருக்கு மருந்து மாறிடும் சார்."

டூலை நிறுத்தச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்துவிட்டாள். மேனேஜர் சொல்லட்டும், இல்லையென்றால் ஒரு சிவப்பாவது காட்டுங்கள் என்றுவிட்டார்கள்.

மேனேஜர் திரையில் இருந்த பச்சைகளைக் காட்டினார்.

பதினொன்றரை.

மூலையில் மாப்போடு நின்ற துப்புரவு அம்மாவிடம் தரை எப்போது காய்ந்தது என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஒன்பதரைக்குத் துடைச்சேன். பத்து நிமிஷத்துல காஞ்சுது." தயங்கினாள். "ஆனா ஒண்ணு சார்... இங்க நாலு மெஷினை வேணும்னே கெட்டதா வெச்சிருக்காங்க. ஒண்ணு பாதியில அறுக்கும். ஒண்ணு ஃபைல் சைஸைப் பொய்யா சொல்லும். ஒண்ணு இழு இழுன்னு இழுக்கும். ஒண்ணு பதிலே சொல்லாது. நாலும் எந்நேரமும் இரைஞ்சுட்டே இருக்கும். இன்னைக்கு நான் துடைக்கும்போதே சத்தம் இல்ல."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

நாலுக்கும் பொதுவான பிளக் கழன்று கிடந்தது!

"செத்த மெஷினை வெச்சு எப்படிம்மா பச்சை வரும்?" டெஸ்டரின் மனைவியிடம் கேட்டார்.

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். கெட்ட சர்வரிடம் டவுன்லோட் தோற்றதா... சோதனை கேட்பது அது ஒன்றைத்தான். அணைந்த சர்வரிடமும் தோற்கத்தானே செய்யும்? உடனே பச்சை. தோற்றது ஏன் என்று கேட்கவே இல்லை. அந்தச் சோதனையை எழுதியவள் அவளேதான்.

இன்ஸ்பெக்டர் பிளக்கைச் செருகினார். நாலும் இரைய ஆரம்பித்தன. சோதனை மறுபடி ஓடியது. பச்சை... பச்சை... பச்சை...

பதினொன்று ஐம்பத்திரண்டு.

சிவப்பு.

அவள் போனில் கத்தினாள். பதினொன்று ஐம்பத்தாறுக்கு ஆஸ்பத்திரி டூலை நிறுத்தியது.

இன்ஸ்பெக்டர் மேனேஜரின் தோளில் கைபோட்டார். "ஒன்பதரைக்கே செத்துக் கிடந்த மெஷின், பத்து மணிக்கு உங்களுக்கு மட்டும் பாதி ஃபைல் கொடுத்துச்சா சார்?"

மேனேஜர் நாற்காலியில் சரிந்தார். ஆஸ்பத்திரிக்குத் தேதி சொல்லிவிட்டாராம், சிவப்பு வந்தால் தள்ளிப்போகுமாம். பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்ததை டெஸ்டர் பத்து மணிக்குப் பார்த்துவிட்டாராம். லேசாகத்தான் தள்ளினாராம்.

துப்புரவு அம்மா மாப்பை வாளியில் முக்கினாள்.

"அந்தப் பொய் மெஷின்கூட கரண்ட் இருந்தாத்தான் சார் பொய் சொல்லும். இவருக்கு அதுவும் வேணாம்!"